என்பர், ஆம், எனவே: தீர்த்தமலைத் தலவரலாற்று நடையை முன்வைத்து உண்மைக்கூற்றும் கருத்துக்கூற்றும் பிரித்தறிதல்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு கூற்று கண்டு சொல்லப்பட்டதா, வழிவழியாகக் கேட்டுச் சொல்லப்பட்டதா, கருதிச் சொல்லப்பட்டதா என்பதைத் தமிழில் பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கும் சிறு சொற்களே உணர்த்துகின்றன. அச்சொற்கள் இக்கட்டுரையில் அடையாளச்சொற்கள் எனப்படுகின்றன. தருமபுரி மாவட்டம் தீர்த்தமலையின் தலவரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அடையாளச்சொற்களின் ஆட்சி எல்லை, அவை உதிரும் சூழல், கூற்றுகளின் தகுதியை இணைப்புச்சொற்கள் மாற்றும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உண்மை, கருத்து என்னும் இருமைப் பகுப்பு தமிழ்ப் பனுவல்களுக்குப் போதாது. அளவை மரபு கூறும் ஐதிகத்தையும் தனிவகையாகக் கொள்ளல் வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: அடையாளச்சொல், ஐதிகம், அளவை, இடைச்சொல், இணைப்புச்சொல், தலவரலாறு, மெய்க்கீர்த்தி, தீர்த்தமலை.

1. முன்னுரை

படித்த பகுதியில் உண்மை எது, கருத்து எது எனப் பிரித்தறிதல் மொழிப்பாடத்தின் அடிப்படைத் திறன்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. மெய்ப்பிக்கத்தக்கது உண்மை, மெய்ப்பிக்க இயலாது ஒருவர் மனப்பாங்கைச் சார்ந்து நிற்பது கருத்து என்பது வழக்கமான விளக்கம். செய்திக்குறிப்பு, விளம்பரம் போன்றவற்றுக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். தலவரலாறு, ஊர்ப்பெயர் விளக்கம், குலவரலாறு, வாய்மொழி வழக்காறு ஆகியவற்றைப் பயிலும் தமிழ் மாணவனுக்கு இது துணைசெய்வதில்லை. ஓர் ஊரைப் பற்றிய கதை அவ்வூரார் ஒருவரின் தனிக்கருத்தன்று. சான்று காட்டி நிறுவப்பட்ட உண்மையுமன்று.

அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலை இச்சிக்கலை ஆராய்தற்கு ஏற்ற களமாகும். மலைமீது தீர்த்தகிரீசுவரர் கோயில் அமைந்துள்ளது. 15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அருணகிரிநாதரின் திருப்புகழ்த் தலங்களுள் இது ஒன்று. கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இராம தீர்த்தம் முதலிய தீர்த்தங்களைப் பற்றிய கதைகள் மக்களிடையே வழங்குகின்றன. ஆகவே காணத்தக்க இயற்கை, கல்லிற் பொறித்த பதிவு, பாடல், வாய்மொழிக் கதை என்னும் நால்வகைச் செய்திகளும் ஓரிடத்தே கலந்து நிற்கின்றன. இவற்றைச் சேர்த்து எழுதும் ஒருவர் எதை எவ்வாறு சொல்கிறார் என்பதே இங்கு ஆய்வுப்பொருள். கதைகளின் உண்மைத்தன்மையோ சமய மதிப்போ ஆராயப்படவில்லை.

கட்டுரையில் எண்ணிட்டுத் தரப்படும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் எந்நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவையல்ல. தலவரலாற்று உரைநடையிற் பயிலும் அமைப்பை ஒட்டி ஆய்வுக்கென ஆக்கிக்கொள்ளப்பட்டவை.

2. இருமைப் பகுப்பும் அளவை மரபும்

அறிவு வரும் வாயில்களை வகைப்படுத்தும் முயற்சி தமிழில் பழமையானது. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை, காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம், ஒழிவறிவு, எய்தியுண்டாம் நெறி என அளவைகள் பத்தினை எடுத்துரைக்கிறது. இவற்றுள் ஐதிகம் என்பது உலகோர் வழிவழியாகச் சொல்லிவருவதை ஏற்றுத் தெளிதல். ஒரு மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்வதை ஏற்பதே அங்குக் காட்டப்படும் சான்று. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் ஐதிகம் உள்ளிட்ட அளவைகளை எண்ணி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பார்.

இவ்விரு நூல்களும் நமக்குத் தரும் தெளிவுகள் இரண்டு. ஒன்று, ஐதிகம் தனக்கெனப் பெயரும் இடமும் உடைய அறிவுவகை. பொய் என ஒதுக்கப்பட்டதுமன்று, காட்சியோடு ஒன்றாக்கப்பட்டதுமன்று. இன்றைய தலவரலாறுகளில் ‘என்பது ஐதிகம்’ எனத் தொடர் முடியும்போது, எழுதுவோர் அறிந்தோ அறியாமலோ ஓர் அளவையின் பெயரையே சான்றாக வைக்கின்றனர். மற்றொன்று, கருதல் என்பது குறி கண்டு துணியும் அனுமானம். இக்காலத்துக் ‘கருத்து’ என்னும் சொல் அதனோடு விருப்பு வெறுப்புச் சார்ந்த மதிப்பீட்டையும் சேர்த்துச் சுட்டுகிறது. புகை கண்டு நெருப்பு உண்டு எனல் ஒன்று. இம்மலையினும் அழகியது இல்லை எனல் வேறொன்று. இரண்டையும் ‘கருத்து’ என ஒரே கூட்டில் அடைத்தால், காரணங்காட்டி மறுக்கத்தக்க கூற்றும் மறுப்பிற்கு இடமில்லாத சுவைக்கூற்றும் வேறுபாடின்றிப் போகும்.

எனவே இக்கட்டுரை நால்வகைக் கூற்றுகளைக் கொள்கிறது.

(1) மலைமீது பாறையிலிருந்து நீர் வீழ்கிறது. (காட்சிக் கூற்று)
(2) இந்நீரை இராமர் அம்பெய்து வருவித்தார் என்பர். (ஐதிகக் கூற்று)
(3) இந்நீர் பாறை வெடிப்புகளின் வழியே கசியும் மழைநீராக இருக்கக்கூடும். (கருதற் கூற்று)
(4) மனத்திற்கு இத்துணை அமைதி தரும் தலம் வேறில்லை. (மதிப்பீட்டுக் கூற்று)

முதல் தொடரைச் சென்று கண்டு சோதிக்கலாம். இரண்டாவதில் சோதிக்கத்தக்கது ‘அவ்வாறு சொல்கின்றனர்’ என்பது மட்டுமே; களப்பணியால் அதனை உறுதிசெய்யலாம். மூன்றாவது மேலாய்வை வேண்டுவது. நான்காவது சொல்வோரின் மனநிலைக்குச் சான்று. நான்கும் ஒரே நீரையும் ஒரே மலையையும் பற்றியன. வேறுபாடு ‘என்பர்’, ‘கூடும்’, ‘இத்துணை’, ‘வேறில்லை’ ஆகிய சொற்களில் தங்கியுள்ளது.

3. தமிழ் அடையாளச்சொற்கள்

செய்தி வந்த வழியை வினையிலேயே கட்டாயமாகக் காட்டும் மொழிகள் உலகில் உள்ளன. உரோமன் யாக்கப்சன் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் பல்கேரிய வினைகளை முன்வைத்து இதனைத் தனி இலக்கணக்கூறாகச் சுட்டினார். அலெக்சாண்டிரா ஐக்கன்வால்ட் 2004இல் வெளியிட்ட நூல் இதனைப் பன்மொழி நோக்கில் விரித்தாராய்ந்தது. அமேசான் பகுதியில் வழங்கும் தரியானா மொழியில் செய்தி வந்த வழியைக் காட்டும் ஐவகை வேறுபாடுகள் உண்டு என்பது அவர் விளக்கம். தமிழில் இக்கூறு கட்டாயமன்று; வேண்டுமிடத்துச் சேர்க்கலாம், வேண்டாவிடத்து விடலாம். விடுதற்கு இடமளிக்கும் இவ்வியல்பே பின்னர்க் காணப்போகும் சிக்கல்களுக்கெல்லாம் தோற்றுவாய்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஏழாவது இயலாகிய இடையியல், தாமாக நின்று பொருள் தராது பெயரையும் வினையையும் சார்ந்து வரும் சொற்களை ஆராய்கிறது. அவற்றுட் பல, சொல்வோன் தன் கூற்றோடு கொண்ட உறவைக் காட்டுவன. ஏகாரத்தின் பொருள்களுள் தேற்றமும் வினாவும் உள்ளன. உம்மையின் எண்வகைப் பொருள்களுள் ஐயம் ஒன்று. ‘கொல்’ ஐயப்பொருட்டு. ஒப்புமைப் பொருள் இன்றி வரும் ‘போலும்’ தொல்காப்பியத்தில் உரையசையாகக் கொள்ளப்பட்டுள்ளது. இன்றைய உரைநடையில் அதுவே ‘மழை பெய்தது போலும்’ என உய்த்துணர்வைக் காட்டும் அடையாளச்சொல்லாக வழங்குகிறது.

தொல்காப்பியர் தம் நூற்பாக்களில் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார்’ என ஆளும் முற்றுகளும் இங்கு எண்ணத்தக்கன. இவை முன்னைப் புலவர் கொள்கையைத் தாம் எடுத்துரைப்பதாகக் காட்டுவன. இன்றைய ‘என்பர்’ இதே வடிவ மரபினதாயினும் சுட்டும் இடம் வேறு. அங்கு எழுவாய் கற்றோர் அவை. இங்கு எழுவாய் பெயரறியா ஊரார். அங்கு அது கூற்றிற்கு வலிமை சேர்த்தது. இங்குப் பொறுப்பிலிருந்து எழுதுவோரை விலக்குகிறது. வடிவம் ஒத்திருத்தலின், பழைய வலிமையின் நிழல் புதிய வழக்கின்மேலும் படிந்து விடுவதை மறுத்தற்கில்லை.

உரையாசிரியர்கள் இவ்வேறுபாட்டில் விழிப்புடையவர்கள். பிறர் கொள்கையை ‘என்பாரும் உளர்’ எனத் தனித்து வைத்தல், தடையை ‘அற்றேல்’, ‘அஃதேல்’ எனத் தொடங்கல், காரணத்தை ‘ஆகலான்’ எனக் காட்டல், தம் துணிபை ‘என்க’, ‘என்று அறிக’ என முடித்தல் ஆகியன அவர்தம் நடையின் உறுப்புகள். சேனாவரையர் முன்னை உரையை மறுக்குமிடங்களில் எது பிறர் கோள், எது தம் கோள் என்பதில் வாசகன் தடுமாறுவதில்லை. நன்னூற் பாயிரம் எழுவகை மதம் எனத் தொகுப்பதும் பிறர் கொள்கையை உடன்படல், மறுத்தல், இருவர் மாறுபட்டவழி ஒன்றைத் துணிதல் முதலிய நெறிகளையே. கருத்தை முன்வைப்பதற்கும் இலக்கணம் உண்டு என்பது அதன் உட்கிடை.

பேச்சிலும் எழுத்திலும் இன்று மிகுதியாக வழங்குவது ஒட்டிடைச்சொல்லாகிய ‘ஆம்’. ‘வந்தான்’ என்பது சொல்வோனின் பொறுப்பு. ‘வந்தானாம்’ என்பது கேள்விச் செய்தி. வாய்மொழிக் கதை சொல்வோர் ஏறத்தாழ ஒவ்வொரு வினைமுற்றிலும் இதனைச் சேர்ப்பர்: எய்தாராம், வந்ததாம், விழுந்ததாம். கதையை ஏட்டில் ஏற்றுவோர், பேச்சுவழக்கு எனக் கருதி முதலில் நீக்குவது இந்த ‘ஆம்’ என்னும் சொல்லையே. கதைசொல்லி காத்த வேறுபாடு பதிப்பில் அழிந்துபோகிறது.

4. ஆட்சி எல்லையும் உதிர்வும்

தமிழ் வினையை இறுதியிற் கொண்ட மொழியாதலின் அடையாளச்சொல்லும் இறுதியில் நிற்கிறது. அது முன்னுள்ள பகுதியில் எதுவரை ஆட்சி செலுத்துகிறது என்பது முதற்கேள்வி. தீர்த்தமலைக் கதையை இருவகையாக அமைத்துக் காணலாம்.

(5) இலங்கையினின்று மீண்ட இராமர் இம்மலையில் சிவபூசை செய்ய எண்ணி, கங்கைநீர் கொணர அனுமனை விடுப்ப, அவன் உரிய பொழுதில் வாராமையால் பாறைமேல் அம்பெய்ய, அங்கே தீர்த்தம் தோன்றியது என்பது ஐதிகம்.

(6) இலங்கையினின்று மீண்ட இராமர் இம்மலையில் சிவபூசை செய்ய எண்ணினார். கங்கைநீர் கொணர அனுமனை அனுப்பினார். அனுமன் உரிய பொழுதில் வரவில்லை. இராமர் பாறைமேல் அம்பெய்தார். அங்கே தீர்த்தம் தோன்றியது என்பது ஐதிகம்.

ஐந்தாவதில் எண்ணி, விடுப்ப, எய்ய என வரும் எச்சங்கள் யாவும் ‘தோன்றியது’ என்னும் முற்றைச் சார்ந்து, அம்முற்றின் வழியே ‘ஐதிகம்’ என்பதன் ஆட்சிக்குள் அடங்குகின்றன. ஆறாவதில் இலக்கணப்படி இறுதித் தொடர் மட்டுமே ஐதிகம். முன்னுள்ள நான்கும் முற்றுப்பெற்ற தற்சார்புத் தொடர்கள். வாசகன் சூழலால் முழுமையையும் ஐதிகமாகக் கொள்ளக்கூடும். ஆயின் பத்தியின் நடுவிலிருந்து ‘இராமர் பாறைமேல் அம்பெய்தார்’ என ஒரு தொடரை எடுத்தாள்வோர்க்கு, அதனை வரலாற்றுக் கூற்றாக வைக்க இலக்கணத் தடை ஏதுமில்லை.

இதனின்று ஒரு நடையியல் உண்மை புலனாகிறது. பழைய உரைநடையின் நெடுந்தொடர்கள் படிப்பதற்குக் கடினமானவை என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. எளிமை கருதி அவற்றைச் சிறுதொடர்களாகப் பிரிக்கிறோம். எச்சத் தொடர்ச்சியால் காக்கப்பட்ட ஆட்சி எல்லை அப்பொழுது உடைகிறது. பிரிப்பவர், பத்தியின் தொடக்கத்திலேயே ‘இத்தலம் குறித்து வழங்கும் கதை வருமாறு’ எனக் கட்டியங்கூறல் வேண்டும். இன்றேல் இடையிடையே அடையாளச்சொல்லை மீளச் சேர்த்தல் வேண்டும்.

உதிர்வு படிப்படியாக நிகழ்கிறது. ‘எய்தாராம்’ என்னும் வாய்மொழி, ‘எய்தார் என்பர்’ என ஏட்டில் ஏறுகிறது. சுருக்கி எழுதுவோர் ‘எய்தார்’ என்கின்றனர். வழிகாட்டிப் பலகைக்கு வரும்போது ‘இராமர் உண்டாக்கிய தீர்த்தம்’ எனப் பெயரெச்சத் தொடராகிறது. இவ்விறுதி நிலை கருதத்தக்கது. பெயரெச்சம் ஒரு கூற்றன்று, பெயருக்கு அடை. கூற்றாக இருந்தவரை ‘உண்மையா?’ எனக் கேட்கலாம்; அடையாகியபின் அக்கேள்விக்கே இடமின்றிப் போகிறது. ‘மருத்துவக் குணமுடைய தீர்த்தம்’ என்னும் அடையும் இத்தகையது. ‘இந்நீர் நோய் தீர்க்கும் என நம்புகின்றனர்’ என்பது மக்கள் நம்பிக்கையைப் பதிவுசெய்யும் கூற்று. அடையாக்கப்பட்ட வடிவமோ சோதனைக்கு உட்படாத மருத்துவக் கூற்று. நோயாளி ஒருவர் இதனைப் படிக்கக்கூடும் என்பதால், இங்கு அடையாளச்சொல்லின் இழப்பு நடைக்குறை என்ற அளவில் நில்லாது.

5. இணைப்புச்சொற்கள்

கூற்றுகளை இணைக்கும் சொற்களைப் பொதுவாகக் கூட்டம் (மேலும், அன்றியும்), மாறுபாடு (ஆனால், எனினும், ஆயினும்), காரணம் (எனவே, ஆகவே, ஆதலால்), விளக்கம் (அதாவது, எடுத்துக்காட்டாக) எனப் பகுக்கலாம். இவற்றுள் காரணச்சொற்களே கூற்றின் தகுதியை மிகுதியும் மாற்றுகின்றன.

(7) இங்கு இராமர் தீர்த்தத்தை உண்டாக்கினார். எனவே இம்மலை தீர்த்தமலை எனப் பெயர்பெற்றது.

(8) இம்மலையில் தீர்த்தங்கள் பல உள்ளன. எனவே இது தீர்த்தமலை எனப் பெயர்பெற்றிருக்கலாம்.

மலையின் பெயர் தீர்த்தமலை என்பது இன்று யாவரும் காணும் உண்மை. ஏழாவதில் அவ்வுண்மை, ஐதிகத்தின் விளைவாக நிறுத்தப்படுகிறது. ‘எனவே’ என்பது இரண்டையும் பிணித்தவுடன், பின்னதன் உறுதி முன்னதற்கும் ஏறுகிறது: பெயர் இருக்கிறது, ஆகவே நிகழ்ச்சியும் நடந்திருக்கும் என வாசகன் எண்ணத் தலைப்படுகிறான். நீர் முதலில் இருந்து, அதனாற் பெயர் அமைந்து, பெயரையும் நீரையும் விளக்கக் கதை பின்னர்த் தோன்றியது என்னும் எதிர்வரிசைக்கும் இடமுண்டு. ஏழாம் தொடர் அதனைச் சொல்லாமலே அடைத்துவிடுகிறது. எட்டாம் தொடர் காட்சியிலிருந்து தொடங்கி, ‘இருக்கலாம்’ என்னும் சொல்லால் முடிபைக் கருதல் அளவில் நிறுத்துகிறது.

முடிபு தன் ஏதுக்களுள் மிக நொய்ந்ததைவிட வலிதாக இருத்தல் இயலாது. ஏது ‘என்பர்’ என முடிந்தால், ‘எனவே’ தொடங்கும் தொடரும் அத்தகுதியிலேயே முடிதல் வேண்டும். ஊர்ப்பெயராய்வுகளில் நேரும் பிழைகளுட் கணிசமானவை ‘என்பர். எனவே ... ஆயிற்று’ என்னும் வாய்பாட்டில் அமைவன.

சொல்லமைப்பு நோக்கில் ஒன்று சுட்டத்தக்கது. ‘எனவே’, ‘எனினும்’ ஆகியன என் என்னும் சொல்லுதல் வினையடியிற் பிறந்தவை. ‘ஆகவே’, ‘ஆயினும்’ ஆகியன ஆ என்னும் ஆதல் வினையடியிற் பிறந்தவை. ‘அவ்வாறு சொல்ல’ என்பதும் ‘அவ்வாறு ஆக’ என்பதும் இவற்றின் அடிப்பொருள். இன்றைய வழக்கில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. அதனை மீட்க வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. சொல்லப்பட்டதிலிருந்து பெறுவதும் ஆகிய ஒன்றிலிருந்து பெறுவதும் வேறு என்பதை மாணவர்க்கு உணர்த்த இச்சொற்களின் பிறப்பே நல்ல வாயில்.

உறுதிச்சொற்களும் கவனிக்கத்தக்கன. ‘ஐயமின்றி’, ‘உண்மையில்’, ‘யாவரும் அறிந்ததே’ என்பன உண்மைக்கூற்றின் அடையாளங்கள் எனக் கொள்வது தவறு. பாறையிலிருந்து நீர் வீழ்கிறது என்பதற்கு ‘ஐயமின்றி’ வேண்டுவதில்லை. சான்று குறைந்தவிடத்தே உறுதிச்சொல் மிகும்.

6. அடையாளச்சொல் இல்லாத பனுவல்: கல்வெட்டு

அடையாளச்சொல் இன்மையே உண்மைக்கு அடையாளமாகுமா? கல்வெட்டு இதற்கு விடை தரும். தருமபுரியும் அதனை அடுத்த செங்கம் பகுதியும் நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. நடுகல் வாசகம் பெரும்பாலும் அரசன் ஆட்சியாண்டு, வீரன் பெயர், தொறு கொண்டது அல்லது மீட்டது, பட்டது என்னும் செய்திகளோடு அமையும். ‘பட்டான்’ என்பதன்பின் ‘என்பர்’ வாராது. நிகழ்ச்சியை அறிந்தோர் அதனை நினைவிற்கொள்ள எடுத்த கல்லாதலின் கேள்விச்சொல்லுக்கு அங்கு இடமில்லை.

சோழர் கல்வெட்டின் நிலை வேறு. முதலாம் இராசராசன் காலத்திலிருந்து கல்வெட்டின் முகப்பில் மெய்க்கீர்த்தி இடம்பெறுகிறது. அதிலும் ‘என்பர்’ இல்லை. ஆயினும் அது புகழுரை. வெற்றிகளை அடுக்கிச் செல்லும் அம்மொழியை அடுத்து, அரசன் பெயரும் ‘யாண்டு’ என்னும் சொல்லும் ஆண்டெண்ணும் வருகின்றன. அதன்பின் நிலம், பொன், விளக்கு முதலிய கொடைச்செய்திகள். இறுதியில் அறத்தைக் காக்க வேண்டும் ஓம்படைக்கிளவி. ஆகவே ஒரே கல்லில் புகழ்ச்சி, பதிவு, வேண்டுகோள் என மூவகைக் கூற்றுகள் உள்ளன. ‘யாண்டு’ என்னும் சொல் புகழ்ச்சியையும் பதிவையும் பிரிக்கும் எல்லைக்கல்லாக நிற்கிறது. காலத்தைக் காட்டவந்த சொல் கூற்றுவகை மாற்றத்தையும் காட்டுகிறது.

எனவே அடையாளச்சொல் இல்லாதவிடத்துப் பனுவலின் வகையும் அதன் உறுப்பமைப்புமே வழிகாட்டிகள். ‘கல்வெட்டில் உள்ளது, ஆகவே உண்மை’ என்பதும் ‘தலபுராணத்தில் உள்ளது, ஆகவே பொய்’ என்பதும் ஒரே வகையான அவசரமுடிபுகள். தலபுராணம் ஒரு காலத்து மக்கள் தம் மலையை எவ்வாறு கண்டனர் என்பதற்கு முதன்மைச் சான்று. அதனிடம் கேட்கத்தக்க கேள்வியைக் கேட்பதே ஆய்வு.

7. கற்பித்தலுக்கும் ஆய்வெழுத்துக்கும்

வகுப்பறையில் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம். முதலில் தலவரலாற்றுப் பத்தி ஒன்றில் தொடரிறுதிச் சொற்களை மட்டும் அடிக்கோடிடச் செய்தல். அடுத்து, ஒவ்வோர் அடையாளச்சொல்லின் ஆட்சி எத்தொடர்வரை செல்கிறது எனக் குறிக்கச் செய்தல். பின்னர், அடையாளச்சொல் இல்லாத தொடர்களை ‘இதனை எழுதியவர் எவ்வாறு அறிந்தார்?’ என வினவி நால்வகையுள் ஒன்றில் வைத்தல். இறுதியாகக் காரணச்சொற்களை எடுத்து, ஏதுவும் முடிபும் ஒரே தகுதியினவா எனச் சோதித்தல். தம் ஊர்க்கோயில் கதையை ‘ஆம்’ கெடாது எழுதிவரச் செய்வதும் நல்ல பயிற்சி.

ஆய்வேடுகளில் ‘கருதப்படுகிறது’, ‘கூறப்படுகிறது’ என்னும் செயப்பாட்டு முடிபுகள் மலிந்துள்ளன. இவை கருதியவர் யார் என்பதை மறைக்கின்றன. கருதியவர் அறிஞராயின் பெயர் சுட்டலாம். ஊராராயின் ‘ஊரார் கூறுவர்’ எனலாம். தாமேயாயின் ‘இக்கட்டுரையின் துணிபு’ எனலாம். மேற்கோளைச் சுருக்குங்கால் செய்தியோடு அதன் அடையாளச்சொல்லையும் எடுத்துவரல் கடமையாகும்.

8. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு:

1. உண்மை, கருத்து என்னும் இருமைப் பகுப்பினும், காட்சி, ஐதிகம், கருதல், மதிப்பீடு என்னும் நால்வகைப் பகுப்பே தமிழ்ப் பனுவல்களுக்குப் பொருந்துகிறது. அதற்கான அடிப்படை மணிமேகலையிலும் சித்தியாரிலும் உள்ளது.

2. தமிழில் அடையாளச்சொல் கட்டாயமன்மையாலும் தொடரிறுதியில் நிற்றலாலும் சுருக்கும்போதும் பிரிக்கும்போதும் எளிதில் உதிர்கிறது. கூற்று பெயரெச்சமாகும் நிலை உதிர்வின் இறுதிப்படி.

3. நெடுந்தொடரின் எச்ச அமைப்பு அடையாளச்சொல்லின் ஆட்சி எல்லையைக் காக்கிறது. சிறுதொடர் நடையில் அதனை வேறுவகையாற் காத்தல் வேண்டும்.

4. காரணச்சொற்கள் ஒரு கூற்றின் உறுதியை மற்றொன்றின்மேல் ஏற்றும் ஆற்றலுடையன. ஏதுவின் தகுதியை மீறி முடிபு அமைதல் ஆகாது.

5. அடையாளச்சொல் இன்மை உண்மைக்குச் சான்றாகாது. மெய்க்கீர்த்தியும் கொடைப்பதிவும் இதற்கு எடுத்துக்காட்டு.

தீர்த்தமலையில் நீர் வீழ்வதும், அதனை இராமரோடு இணைத்து மக்கள் சொல்வதும் உண்மைகளே. முன்னது மலையைப் பற்றிய உண்மை. பின்னது மக்களைப் பற்றிய உண்மை. இரண்டையும் தத்தம் இடத்தில் வைத்துக் காட்ட ‘என்பர்’ என்னும் ஒரு சொல் போதும். அதனை உதிராமற் காப்பது தமிழாய்வின் பொறுப்பாகும்.